இனிய ஓபர்ன் வீதியிலே

நம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபொழுது, எதனை எழுதுவதென்று நெடுநாள் தெரியாதிருந்தேன். ஆசிரியப் பெருமக்களைப் பற்றியும், விளையாட்டு வெற்றிகளைப் பற்றியும், விடுதிச் சாப்பாட்டைப் பற்றியும் என்னிலும் நன்றாக எழுத வல்லார் பலர் உளர். ஆதலால் அண்மையில் நான் மேற்கொண்ட ஒரு பயணத்தைப் பற்றி எழுதத் துணிந்தேன். கல்லூரிக்கும் அதற்கும் தொடர்பொன்றும் இல்லையென்றே தொடக்கத்தில் எண்ணினேன். எழுதி வருகையில் அது கல்லூரி நாட்களைப் பற்றிய கட்டுரையாகவே முடிந்துவிட்டது. அன்பர்கள் பொறுத்தருள்வார்களாக.

2024 ஆம் ஆண்டு இளவேனிற் காலத்தில், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில் ஜோர்ஜியா மாநிலத்துத் தலைநகராய் விளங்கும் அற்லாண்டாவில், என் மகள் வீட்டிலே மூன்று மாதம் தங்கியிருந்தேன். புகையிரதப் பாதைகள் சந்திக்கும் இடமாகத் தோன்றி வளர்ந்த ஊர் அது. உள்நாட்டுப் போரின்போது 1864 இல் எரிந்து சாம்பரானது. பின்னர் அச்சாம்பரிலிருந்தே எழுந்தது. எரிந்து மீளும் பீனிக்சுப் பறவையை நகரத்தார் தம் இலச்சினையிற் பொறித்திருக்கிறார்கள். கொக்கோ கோலா என்னும் பானம் 1886 இல் முதன்முதல் விற்கப்பட்டது இந்நகரிலேயே. 1996 இல் ஒலிம்பிக் விளையாட்டு நடைபெற்றதும் இங்கேயே. விண்ணைத் தொடும் மாடங்கள், இரவு பகலென்றில்லாது ஓடும் மோட்டார் வாகனங்கள், தெருவுக்குத் தெரு இசை, எம்மவர் கடைகள், கோயில்கள் என எல்லாம் உள்ள ஊர். என்போன்ற வயோதிபர் ஒருவர் அங்கே செய்யக்கூடியது வேடிக்கை பார்த்தல் ஒன்றே.

ஒரு சனிக்கிழமை, பன்னிரண்டு வயதான என் பேத்தியை அழைத்துக்கொண்டு ஓபர்ன் வீதியைப் பார்க்கப் புறப்பட்டேன். மாட்டின் லூதர் கிங் பிறந்த வீதி அது. மாணவப் பருவத்தில் பத்திரிகையிலே அவர் பெயரைப் படித்து வளர்ந்தவன் நான். 1968 சித்திரையில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டாரென்ற செய்தி வந்த நாளில், வீட்டிலே ஒருவர் இறந்ததுபோல் இருந்தது எனக்கு. அத்தோடு இன்னொரு காரணமும் உண்டு. 1958, 1977, 1983 என்று அடிபட்டு அடிபட்டு உலகெங்கும் சிதறிய இனத்தவன் நான். அடிபட்ட இன்னொரு மக்களின் வீதிக்குப் போவது உறவினர் வீட்டுக்குப் போவது போன்றதே என்ற எண்ணம் உள்ளத்திலே இருந்தது. அந்த எண்ணத்துக்கு என்ன நேர்ந்தது என்பதே இக்கட்டுரை.

நகரின் நடுவேயுள்ள பீச்ட்றீ வீதியிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்வது ஓபர்ன் வீதி. அதன் பழைய பெயர் வீற் வீதி. அங்கே குடியிருந்த வெள்ளையர் கேட்டுக்கொண்டபடி 1893 இல் பெயர் மாற்றப்பட்டது. பழைய பெயர் இன்றும் அவ்வீதியிலுள்ள கறுப்பின மக்களின் தேவாலயமொன்றிலே நிலைத்திருக்கிறது. இப்பொழுது அவ்வழியே ஒரு ட்ராம் வண்டியும் ஓடுகிறது. முழங்கால் நோவுக்கு அது வசதியெனினும், நடந்து பார்த்தாலன்றி ஒரு வீதி தன் கதையைச் சொல்லாது; ஆதலால் நடந்தோம்.

வீதியின் தொடக்கத்திலே நம்மை வரவேற்பது ஒரு நூலகம். கறுப்பின மக்களின் வரலாற்றுக்கும் பண்பாட்டுக்குமென்றே 1994 இல் திறக்கப்பட்ட பொது நூலகம் அது. யாழ்ப்பாணத்தான் ஒருவன் நூலகமொன்றின் முன்னே சற்று நின்றுதான் போவான். 1981 இல் எரிந்ததை நாம் மறக்கவில்லை. 'இவர்களுக்கும் நமக்கும் எத்துணை ஒற்றுமை' என்று பேத்தியிடம் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள்.

இவ்வீதி இவ்வாறானதற்குக் காரணம் ஒரு கொடுமை. 1906 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில், பத்திரிகைகள் மூட்டிவிட்ட வதந்திகளால் வெறிகொண்ட வெள்ளையர் கூட்டம் நகர நடுவிலே கறுப்பின மக்களைத் தேடித்தேடித் தாக்கிற்று. இருபத்தைவருக்குக் குறையாத கறுப்பினத்தவர் மாண்டனர். அதன்பின் நகர நடுவிலே தொழில் செய்யும் துணிவு பலருக்கு இல்லாது போயிற்று. சட்டமும் வழக்கமும் சேர்ந்து அவர்களை ஒதுக்கின. ஒதுக்கப்பட்டவர்கள் இந்த ஒரு வீதியிலே குவிந்தார்கள். குவிந்தவர்கள் வாளாவிருந்தார்களா? வங்கி, காப்புறுதி, மருந்துக் கடை, புகைப்பட நிலையம், விடுதி, பத்திரிகை, நடனசாலை, தேவாலயம் ஆகிய அனைத்தையும் தாமே எழுப்பினார்கள்.

அவர்களுள் அலன்சோ ஹேண்டன் என்பாருடைய வரலாறு ஒன்றே போதும். 1858 இல் அடிமைத் தாய்க்கு அடிமையாகப் பிறந்தவர். முடிதிருத்தும் தொழிலைக் கற்று அற்லாண்டாவுக்கு வந்தார். பீச்ட்றீ வீதியில் அவர் நடத்திய கடை பளிங்கும் படிகவிளக்கும் கொண்டு அரண்மனைபோல் இருந்ததாம். தொழிலாளர் கறுப்பினத்தவர், இருக்கையில் அமரும் வாடிக்கையாளரோ வெள்ளையர் மாத்திரமே. தம் இனத்தார் அமரவியலாத இருக்கைகளால் ஈட்டிய பணத்தைக்கொண்டு, தம் இனத்தாருக்கு உதவும் சிறிய சகாய சங்கமொன்றை 1905 இல் 140 டொலருக்கு வாங்கினார். வேறெந்தக் கம்பனியும் மதியாத ஏழைகளுக்கு மரணச் செலவுக்கும் நோய்க் காலத்துக்கும் காப்புறுதி கொடுத்த அந்தச் சங்கமே, நாட்டின் மிகப் பெரிய கறுப்பினக் காப்புறுதிக் கம்பனிகளுள் ஒன்றாய் வளர்ந்தது. 1927 இல் அவர் இறக்கும்போது நகரின் பெருஞ் செல்வருள் ஒருவர். அக்கம்பனியின் தூண்கள் நிறைந்த பழைய கட்டடம் இன்றும் இவ்வீதியிலே நிற்கிறது.

அதன் அயலிலே, 1928 இல் தொடங்கி 1932 முதல் நாளிதழாய் வெளிவந்த பத்திரிகையின் பழைய நிலையம் இருக்கிறது. சிறிது தூரம் சென்றால், ஒட்பெலோஸ் என்னும் சகோதர சங்கத்தார் கட்டிய செங்கல் மாளிகை. 1912 இல் அதனைத் திறந்துவைத்தவர், அடிமையாகப் பிறந்து கல்வியாளராய் உயர்ந்த புக்கர் வாஷிங்ரன். அதன் முகப்பிலே சுடுமண்ணாற் செய்த மனித முகங்கள் உள்ளன. அக்காலத்து மாளிகைகளிலே கிரேக்க முகங்களை வைப்பதே வழக்கம். இவர்களோ ஆபிரிக்க முகங்களை வைத்தார்கள். அண்ணாந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தெற்கே ஒரு வீதி தள்ளி நகரச் சந்தை உண்டு. 1917 இல் பெருந்தீ ஒன்று பத்தாயிரம் பேரை வீடற்றவராக்கிற்று. அத்தீயால் வெறுமையான நிலத்திலே 1918 இல் எழுந்த சந்தைக்கு 1924 இல் நிலையான கட்டடம் கிடைத்தது. கறுப்பினத்தவர் உள்ளே சென்று பொருள் வாங்கலாம். ஆனால் உள்ளே கடை வைத்து விற்கலாகாது. வீதியோரத்துக் கற்கட்டின்மேல் பரப்பி விற்றுக்கொள்ளலாம். அதனால் 'ஓரக்கல் சந்தை' என்ற பொருள்படும் பெயர் அதற்கு வந்தது. இன்று எல்லாரும் உள்ளே கடை வைத்திருக்கிறார்கள். பழைய பெயரை மாத்திரம் மறைக்காமல் வெளியே எழுதி வைத்திருக்கிறார்கள். எம்மூரவரானால் அப்பெயரை எப்போதோ மாற்றியிருப்போம் என்று எனக்குத் தோன்றியது.

நிற்க, இவ்வீதியை 'இனிய ஓபர்ன்' என்று முதலில் அழைத்தவர் ஜோன் வெஸ்லி டொப்ஸ் (1882–1961). அஞ்சற் புகையிரதத்திலே எழுதுவினைஞராய் இருந்து, பின்னர் தம் மக்களுக்குத் தலைவரானவர். வாக்காளர் இடாப்பிலே கறுப்பினத்தவர் பெயர்களைப் பதியவைப்பதே அவர் வாழ்நாட் பணி. அவ்வாக்குப் பலத்தாலே 1948 இல் எட்டுக் கறுப்பினப் பொலிசார் நியமிக்கப்பட்டனர். ஆயினும் வெள்ளையர் எவரையும் கைதுசெய்யும் அதிகாரம் அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. மறு ஆண்டு இவ்வீதிக்கு விளக்குகள் வந்தன. பின்னர் 1973 இல் நகரின் முதலாவது கறுப்பின முதல்வராகத் தெரிவுசெய்யப்பட்ட மேனாட் ஜக்சன், டொப்ஸ் அவர்களின் மகள்வயிற்றுப் பேரன். அந்த இனிய நாட்களின் உச்சத்திலே, 1956 இல், அமெரிக்க வணிகச் சஞ்சிகையொன்று உலகத்துக் கறுப்பின வீதிகளுள் மிகச் செல்வமுடையது இதுவே என்று எழுதிற்று.

இதனை எழுதிய சில ஆண்டுகளிலேயே வீதி வாடத் தொடங்கியது. காரணம் இரண்டு. ஒன்று, கொங்கிறீற்றாலான பெரு நெடுஞ்சாலை. வடக்குத் தெற்காக நகரை ஊடறுக்க வந்த அச்சாலை, இவ்வீதியின் நெஞ்சுக்கு மேலாகப் பாலம்போற் சென்று அதனை இரு துண்டாக்கியது. வீடுகளும் கடைகளும் இடிந்தன. இன்றும் வீதியின் மேற்குப் பாதியிலிருந்து கிழக்குப் பாதிக்கு அந்தப் பாலத்தின் நிழலிலே நடந்துதான் போகவேண்டும். மேலே ஓடும் வாகனங்களின் இரைச்சலிலே பேத்தி சொன்னது எனக்குக் கேட்கவில்லை. மற்றைய காரணம் விடுதலையேதான். 1964 இன் குடியுரிமைச் சட்டத்தின்பின் விரும்பிய கடையிலே வாங்கலாம், விரும்பிய விடுதியிலே தங்கலாம் என்றானபின், வசதி படைத்தோர் வேறிடம் சென்றனர். வேலி இருந்தபோது செழித்த வீதி, வேலி விழுந்ததும் வெறிச்சோடியது. 1976 இல் தேசிய வரலாற்றுச் சின்னமென அறிவிக்கப்பட்ட பகுதி, 1992 இல் அழிவை எதிர்நோக்கும் இடங்களின் பட்டியலிலும் சேர்ந்தது. இன்றும் பூட்டிய கடைகளும், பலகை அடித்த சாளரங்களும், பற்றை வளர்ந்த காணிகளும் இடையிடையே உண்டு.

இதைக் கண்டு, வேலியே நன்றாயிருந்தது என்று எவரேனும் சொல்வாரானால் அது பெருந் தவறு. வீதியைக் கட்டியது வேலியன்று. வேலிக்குள்ளே அடைக்கப்பட்ட மனிதர். அவர்களின் திறமைக்கு நகரம் முழுவதும் இடங்கொடுத்திருந்தால் நகரம் முழுவதையும் அவர்கள் இனியதாக்கியிருப்பார்கள் என்று கொள்வதே நேர்மை.

நெடுஞ்சாலையைக் கடந்ததும் ஒரு சிறு திடல். டொப்ஸ் அவர்களின் முகத்தைப் பேருருவாக வார்த்து அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். அது வெறும் முகமூடிபோல் உட்குழிவானது. பின்புறமாகச் சென்று நின்றால், அவருடைய கண்களின் வழியாகவே வீதியைப் பார்க்கலாம். பேத்தி ஓடிப்போய்ப் பார்த்தாள், என்னையும் அழைத்தாள். நானும் குனிந்து பார்த்தேன். ஒருவருடைய கண்ணால் உலகைப் பார்ப்பது இத்துணை எளிதோ என்று அப்பொழுது நினைத்துக்கொண்டேன்.

அப்பால் ஒரு மூன்றடுக்குக் கட்டடம். கறுப்பினத்தார் உரிமையாளராயிருந்த நாட்டின் முதலாவது வானொலி நிலையம் 1949 முதல் அங்கே இயங்கியது. 1957 இல் கிங் அவர்களின் தென்னகக் கிறித்தவத் தலைமை மாநாடு கீழ்மாடத்திலே அலுவலகம் வைத்தது. அவசரமாக மக்களுக்கு ஏதும் சொல்லவேண்டியிருந்தால், கிங் அவர்கள் தும்புத்தடியால் மேற்கூரையைத் தட்டுவாராம். மேலே இருப்பவர்கள் ஒலிவாங்கியைச் சாளரத்தின் வழியாகக் கீழே இறக்குவார்களாம். அங்கே சொல்லப்படும் கதை இது. உலகையே அசைத்த ஓர் இயக்கத்தின் தொலைதொடர்பு ஒரு தும்புத்தடியில் இருந்தது!

பின்னர் எபனேசர் தேவாலயம். 1922 இல் முடிந்த செங்கற் கட்டடம். கிங் அவர்களின் பாட்டனார், தந்தையார், 1960 முதல் தந்தையாரோடு கூடித் தாமும் என மூன்று தலைமுறையினர் போதித்த இடம். 1968 இல் அவருடைய இறுதி வழிபாடும் இங்கே நடந்தது. 1974 இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இசைக்கருவியின் முன் அமர்ந்திருந்த அவருடைய தாயாரும் இங்கேயே சுடப்பட்டு மாண்டார். அயலிலே நீண்ட நீர்த்தடாகத்தின் நடுவே வெண்பளிங்குக் கல்லறை. கணவரும், 2006 இல் மறைந்த மனைவி கொறெற்றாவும் அருகருகே துயில்கிறார்கள். நீரின் சலசலப்பன்றி வேறோசை இல்லை. சிறுவர்கூட அங்கே உரத்துப் பேசவில்லை.

இறுதியாக 501 ஆம் இலக்க வீடு. 1929 தை மாதம் 15 ஆம் நாள் கிங் அவர்கள் பிறந்த இல்லம். மஞ்சள் நிறப் பலகையால் ஆன இரண்டடுக்கு வீடு. முன்னே அகன்ற விறாந்தை. நாங்கள் போனபோது திருத்தவேலைக்காக மூடியிருந்தார்கள். தேசியப் பூங்காச் சேவையைச் சேர்ந்த வழிகாட்டி, நடுத்தர வயதுடைய கறுப்பினப் பெண்மணி, வெளியே நின்றவாறே எங்கள் சிறு கூட்டத்துக்கு அவ்வீட்டின் கதையைச் சொன்னார். அவற்றுள் ஒன்று கிங் அவர்கள் தாமே எழுதிவைத்தது.

சிறுவயதிலே அவருக்கு ஒரு வெள்ளைக்காரத் தோழன் இருந்தான். அவன் தந்தை வீட்டுக்கு எதிர்ப்புறத்திலே கடை வைத்திருந்தார். மூன்று வயது முதல் இருவரும் ஒன்றாய் விளையாடினர். ஆறு வயதிலே பள்ளிக்கூடம் போகும் காலம் வந்தது. இருவருக்கும் வேறு வேறு பள்ளிக்கூடம். பின்பு ஒருநாள் அத்தோழன், உன்னோடு இனி விளையாடக்கூடாதென்று அப்பா சொல்லிவிட்டார் என்றான். அன்றிரவு உணவு மேசையிலேதான் அந்தக் குழந்தைக்குப் பெற்றோர் அந்நாட்டின் நோயைப் பற்றி முதன்முதல் சொல்ல நேர்ந்தது.

வழிகாட்டி அடுத்த செய்திக்குப் போய்விட்டார். பேத்தி என் கையைப் பிடித்து மெல்லக் கேட்டாள்: "அம்மப்பா, அந்தக் கடைக்காரற்ரை மகன் பிறகு என்ன ஆனவன்?"

நான் விடை சொல்லவில்லை. அன்று காலை முதல் 'இவர்களும் நாமும்' என்று ஒப்பிட்டுக்கொண்டே வந்தவன் நான். நூலகத்தின் முன்னே நின்றபோதும், நெடுஞ்சாலையின் கீழே நடந்தபோதும் என்னை ஒதுக்கப்பட்டவர் வரிசையிலேயே வைத்து எண்ணினேன். அந்தக் குழந்தை கேட்ட கேள்வியோ என்னை வீதியின் எதிர்ப்புறத்திலே, கடை வாசலிலே கொண்டுபோய் நிறுத்தியது.

1960 ஆம் ஆண்டு, நான் ஆறாம் வகுப்பு. என்னோடு ஒரே வாங்கில் இருந்தவன் ஒருவன். அவன் பெயரை இங்கே எழுதேன். கேளாமல் எழுத எனக்கு உரிமையில்லை. கணக்கிலே வகுப்பில் முதல்வன் அவனே. எனக்கு விளங்காத வட்டிக் கணக்கையெல்லாம் அவன்தான் விளக்குவான். சித்திரை வெயிலில் ஒரு விடுமுறை நாள், என் கொப்பியைத் திருப்பித் தருவதற்காக மூன்று மைல் நடந்து எங்கள் வீட்டுக்கு வந்தான். படலைக்கு வெளியே நின்று கூப்பிட்டான். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. சொல்லக்கூடாதென்று எவரும் எனக்குச் சொன்னதுமில்லை. ஆயினும் எனக்குத் தெரிந்திருந்தது. குடிக்கத் தண்ணீர் கேட்டான். ஆச்சி கிணற்றடியிலிருந்து செம்பை நிரப்பி என்னிடம் தந்து, "உயத்திப் பிடிச்சு ஊத்து மோனை" என்றார்.

நான் செம்பை உயர்த்துமுன்னரே அவன் குனிந்து இரு கைகளையும் குவித்து நின்றான். நான் ஊற்றினேன். அவன் குடித்தான். கொப்பியைத் தந்துவிட்டுப் போனான். செம்பு அவன் உதட்டிலே படவேயில்லை. ஆயினும் ஆச்சி அதனைப் புளியிட்டு இருமுறை விளக்கினார். ஆச்சி கொடியவரல்லர். கந்தசட்டி ஆறு நாளும் உபவாசம் இருந்து, எறும்புக்கும் அரிசிமா போடுபவர். அவரைக் குறைகூறி நான் தப்பிக்கொள்ள முடியாது. செம்பு என் கையிலேதான் இருந்தது.

அடுத்த தவணையிலும் அதே வாங்கில் இருந்தோம். அவன் எனக்குக் கணக்குச் சொல்லித் தந்தான். எங்கள் நட்பு முறியவில்லை. கிங் அவர்களின் தோழனாவது, இனி வரமாட்டேன் என்று வாய்திறந்து சொன்னான். நாங்கள் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. அவன் பின்னர் ஒருபோதும் எங்கள் வீட்டுப் பக்கம் வந்ததில்லை. நானும் ஏன் என்று கேட்டதில்லை. சில ஆண்டுகளில் அவன் படிப்பை விட்டுவிட்டுப் போனான்.

இவை அறியாமைக் காலத்து நிகழ்ச்சிகளென்று சொல்லவும் இயலாது. தீண்டாமையைப் பாராட்டுவது குற்றமெனச் சட்டம் 1957 இலேயே வந்துவிட்டது. அதற்கும் முப்பது ஆண்டுகள் முன்னரே, 1927 கார்த்திகையில், காந்தியடிகள் யாழ்ப்பாணத்துக்கு வந்து, தீண்டாமையை ஒழிக்குமாறு நம் மக்களை நேரிலே வேண்டிப் போயிருந்தார். அவரை மாலையிட்டு வரவேற்ற ஊரிலேதான் தேநீர்க் கடைகளில் சிலருக்குக் கிளாசும் சிலருக்குப் போத்தலும் இருந்தன. அக்கடைகளைத் திறப்பதற்கும், கோயில் வாயில்களைத் திறப்பதற்கும் 1966 முதல் நடந்த போராட்டங்களிலே அடியும் உதையும் பட்டவர்கள் என் தோழனைப் போன்றவர்கள். கிங் அவர்களுக்காகக் கண்ணீர் விட்ட அதே 1968 இல், நம் ஊர்க் கோயில் வாயிலிலே நின்றவர்களுக்காக நான் ஒன்றும் செய்யவில்லை. தூரத்திலுள்ள நீதி எப்போதும் எளிது.

பிறந்த இல்லத்திலிருந்து திரும்பி வரும் வழியில், பூங்காச் சேவையின் நிலையத்துக்கு முன்னே காந்தியடிகளின் சிலை இருக்கிறது. 1998 இல் நிறுவப்பட்டது. கையிலே தடியோடு நடந்துகொண்டிருக்கும் கோலம். அதனருகே ஒரு வாங்கில் இருந்தோம். அங்கிருந்து பார்த்தால் எபனேசர் தெரிகிறது. அந்தத் தேவாலயத்தில் 1965 ஆடி 4 ஆம் நாள் கிங் அவர்கள் ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார். 1959 இல் அவர் இந்தியாவுக்குச் சென்றிருந்தபோது, தீண்டப்படாதோரின் பிள்ளைகள் பயிலும் பள்ளிக்கூடம் ஒன்றிலே, அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டப்படாத தோழர் என்று தலைமையாசிரியர் அவரை அறிமுகஞ் செய்தாராம். கிங் அவர்களுக்கு முதலிலே அதிர்ச்சியும் சிறிது சினமும் உண்டாயின. பின்னர் தம் மக்களின் நிலையை எண்ணிப் பார்த்து, ஆம், நான் தீண்டப்படாதவனே என்று தமக்குத் தாமே ஏற்றுக்கொண்டாராம். அவர் தம் இடம் எதுவென்று இந்தியப் பள்ளிக்கூடமொன்றிலே கண்டார். என் இடம் எதுவென்று நான் அவருடைய வீட்டு வாசலிலே கண்டேன். இரண்டும் ஒரே வரிசையிலுள்ள இடங்களல்ல.

பேத்தியிடம் அந்த வாங்கிலே வைத்துச் செம்புக் கதையைச் சொன்னேன். அவளுடைய தாய்க்கும் அதுவரை நான் சொன்னதில்லை. அவள் நெடுநேரம் பேசாமலிருந்து, "நீங்கள் அவருக்குச் சொறி சொன்னனீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கும் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. ட்ராம் வண்டி வந்தது. ஏறி வீடு வந்தோம்.

இனி, இதனை இம்மலரிலே எழுதுவது ஏன் என்று அன்பர்கள் கேட்கலாம். நம் கல்லூரியும் ஓபர்ன் வீதியைப் போன்றதே. கல்வி வேண்டுமானால் சமயத்தை விடு என்ற நிலை இருந்த காலத்தில், நம்மவர் பிடியரிசியும் பனையோலையும் சேர்த்துத் தமக்கெனத் தாமே எழுப்பிய நிறுவனம் இது. அந்தப் பெருமையை விழா மேடைகளிலே சொல்லச் சொல்ல எனக்கு அலுப்பதில்லை. பிறர் கதவடைத்தபோது நாம் கதவொன்று கட்டினோம். அந்தக் கதவை நாம் யார் யாருக்கு எவ்வளவு திறந்தோம் என்பதும் அதே வரலாற்றின் பகுதியே. அற்லாண்டாச் சந்தை தன் ஓரக்கல்லைப் பெயரிலேயே எழுதி வைத்திருப்பதுபோல், நாமும் அதனை எழுதி வைத்தால் நம் பெருமை குறைந்துவிடாது.

ஊர் திரும்பியபின் பழைய தோழர் இருவரிடம் அவனைப் பற்றி விசாரித்தேன். வன்னிக்குப் போய்க் கமஞ் செய்தான் என்றார் ஒருவர். மற்றவருக்கு ஒன்றும் தெரியாது. இம்மலர் பல நாடுகளுக்கும் போகுமென்று சங்கத்தார் சொல்கிறார்கள். 1960 இல் ஆறாம் வகுப்பிலே, சாளரத்தின் அருகேயிருந்த இரண்டாம் வாங்கில் என் பக்கத்தே இருந்தவன் எங்கேனும் இதனைப் படிப்பானாயின், என் விலாசம் சங்கத்தாரிடம் உண்டு. எங்கள் வீட்டுப் படலை இப்போது இல்லை; ஆச்சியும் இல்லை. கிணறு இருக்கிறது. தண்ணீரும் நன்றாயிருக்கிறது.